கூரையில் எறிந்த பல்

ஃபுகுஷிமா
21 அக்டோபர் 2012

கனாயே,

நான் போட்ட போன் ஒன்றையாவது நீ எடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. இது கத்திரிக்கோல் பிடிக்கிற கை. முடி வெட்டச் சொன்னால் வெட்டும், எழுதச் சொன்னால் முரண்டு பிடிக்கிறது. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, சீப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நம் தெருவில் கூரைகளைக் கழுவ ஆட்கள் வந்தார்கள். உடம்பெல்லாம் வெள்ளை உடுப்பு, முகத்தில் முகமூடி. அணு உலை வெடித்தபோது வந்து படிந்த தூசியெல்லாம் இன்னும் கூரையிலேயே உட்கார்ந்திருக்கிறதாம். தண்ணீர்க் குழாயை மேலே திருப்பப் போனவர்களைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்றேன். அவர்களுடைய மேஸ்திரி, "என்னம்மா, மேல தங்கம் கிங்கம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். என் தங்கச்சி பையனோட பல் இருக்கு என்றேன். அந்த மனுஷன் முகமூடிக்குள்ளேயே சிரித்தார்.

ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம், விபத்து நடந்ததற்கு அடுத்த மாதம், ஏப்ரலில், கோஹெய்க்குக் கீழ்ப்பல் விழுந்தது. நீ ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாய். கீழ்ப்பல்லைக் கூரை மேல் எறிந்தால்தான் புதுப்பல் நேராக முளைக்கும் என்று சொல்லி நான்தான் அவன் கையில் கொடுத்து எறியச் சொன்னேன். இரண்டு தடவை குறி தப்பி என் தலையிலேயே விழுந்தது. மூன்றாவது தடவை மேலே போய்விட்டது.

ஏணி போட்டு நானே ஏறினேன். இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று நீ கேட்பாய். மழைத்தண்ணீர் ஓடுகிற தகரக் காவாயில், பாசியும் கறுப்புச் சேறுமாகக் கிடந்ததைக் கையால் துழாவினேன். மேஸ்திரி தன் மீட்டரை அந்தக் காவாய்ப் பக்கம் நீட்டிப் பார்த்துவிட்டு, சீக்கிரம் இறங்கச் சொல்லிக் கத்தினார். நான் காதில் வாங்கவில்லை. கிடைத்துவிட்டது. அரிசி மாதிரி இத்தனூண்டு. சோப்பு போட்டுப் பழைய ப்ரஷ்ஷால் தேய்த்தேன். வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது.

எதற்கு இந்தப் பாடு என்கிறாயா? அந்த மார்ச் மாதம் இங்கே இருந்த குழந்தைகளின் பால் பற்களைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு பல்லை வைத்தே, அந்தக் குழந்தை உடம்பு எவ்வளவு அணுக்கதிரை வாங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். அனுப்பிவிட்டேன். பெயர், பிறந்த தேதி, பல் விழுந்த மாதம் எல்லாம் எழுதி, பதிலை அனுப்ப உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன்.

நீகாத்தாவுக்குப் பஸ் ஏறும்போது நீ என்னிடம் சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது கனாயே. "என் பிள்ளையை நனைய விட்டவ நீதான்." நான் ஒன்றும் கெடுதல் செய்யவில்லை என்று படித்தவன் யாராவது தாளில் எழுதித் தரட்டும். அதற்கப்புறமாவது நீ போனை எடுப்பாய் அல்லவா?

கோஹெய்க்கு என் முத்தம். பெரியம்மா கேட்டாள் என்று சொல்.

தோமிகோ


நீகாத்தா
4 நவம்பர் 2012

தோமிகோ அக்காவுக்கு,

யாரைக் கேட்டு அனுப்பினாய்? அவன் உன் பிள்ளையா?

ஏணியில் ஏறினதையும் பல் தலையில் விழுந்ததையும் ஏதோ வேடிக்கைக் கதை மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கு ஒன்றும் வேடிக்கையாக இல்லை.

அந்த நாட்களில் என்னால் ஆஸ்பத்திரியை விட்டு வர முடியவில்லை. படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாதவர்கள் என் வார்டில் இருந்தார்கள். பாதி நர்ஸுகள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அக்காவிடம் விட்டிருக்கிறோம், கவலையில்லை என்று நினைத்துக்கொண்டுதான் நான் வேலை செய்தேன். ஒருவழியாக வீட்டுக்கு வந்தால், கன்னம் சிவந்து, தலை ஈரமாக என் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்கிறான். "அம்மா, பெரியம்மாகூட லைன்ல நின்னேன். வாயைத் திறந்து பனி சாப்பிட்டேன்" என்கிறான். அந்தப் பனியில் என்ன இருந்தது என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தண்ணீர் லாரி வரிசையில் இடம் போய்விடக் கூடாது என்பதற்காக மதியம் முழுக்க அவனைத் திறந்த மைதானத்தில் நிறுத்தியிருக்கிறாய். அவன் போட்டிருந்த நீலக் கோட்டை இங்கே எடுத்து வரக்கூட எனக்கு மனம் வரவில்லை. உன் அலமாரியிலேயே தொங்கட்டும்.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. அவன் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே பக்கத்துப் பையன் மேசையைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். ஃபுகுஷிமா கிருமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேறு பள்ளிக்கு மாற்றி, சென்டாயிலிருந்து வந்தேன் என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இத்தனைக்கும் நடுவில் நீ அவன் பெயரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கோப்பு திறந்துவிட்டாய். நாளைக்கு அவனுக்குக் கல்யாணம் என்று வரும்போது யாராவது அதை எடுத்து நீட்டினால் நீ வந்து பதில் சொல்வாயா?

இனி அவன் விஷயத்தில் தலையிடாதே.

கனாயே


ஃபுகுஷிமா
27 டிசம்பர் 2012

கனாயே,

நான் அனுப்பிய உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழப் பெட்டி பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. அடி பைத்தியக்காரி, அது நம் ஊர்ப் பழமே இல்லை. நம் ஊரில்தான் பழம் உலர்த்தவே தடை. ரயிலில் போய், நாகானோவிலிருந்து வந்த பழத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் என்னிடம் ஊர் எது என்று கேட்டார், நானும் சென்டாய் என்றேன். எனக்கும் பொய் சொல்ல வருகிறது பார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பையன் தாகம் தாகம் என்கிறான். பூகம்பத்துக்குப் பிறகு வீடு நின்ற பாடில்லை, ஆடிக்கொண்டே இருந்தது. ஓடுகள் சரிந்து விழுந்துகொண்டிருந்தன. அவனை உள்ளே தனியாக விட்டுவிட்டு நான் வரிசையில் போய் நிற்கவா? கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அதில் என்ன வருகிறது என்று நம் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானூறு பேர் நின்றோம் அங்கே. எல்லோரும் பிள்ளை குட்டிகளோடு.

நீ என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? பதில் எழுத வேண்டாம். யோசித்துப் பார்த்தால் போதும்.

அக்கா


நீகாத்தா
14 ஏப்ரல் 2013

தோமிகோ அக்காவுக்கு,

பல்கலைக்கழகத்திலிருந்து தாள் வந்துவிட்டது. நீ ஆசைப்பட்ட தாள். நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எண்ணைப் பார்.

நூற்று அறுபது மில்லிசீவர்ட், அவன் உடம்பு வாங்கிய கதிரின் அளவு. அந்த எண் உனக்குப் புரியாமல் போகலாம் என்பதால் சொல்கிறேன். அணு உலைக்குள் போய் வேலை செய்கிறவர்களுக்கே வருஷத்துக்கு ஐம்பதுதான் எல்லை. அவர்கள் வளர்ந்த ஆண்கள். இவனுக்கு அப்போது ஆறு வயதுகூட முடியவில்லை.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரயில் படம் வரைந்துகொண்டிருந்தான். மூக்கை உறிஞ்சினான். உடனே எழுந்து போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். இனி அவனுக்கு ஒவ்வொரு காய்ச்சல் வரும்போதும் இப்படித்தான் இருக்கும். அவன் வளர்ந்து கிழவனாகிற வரைக்கும், நான் இருக்கிற வரைக்கும்.

அவனுக்கே இவ்வளவு என்றால் எனக்கு எவ்வளவு இருக்கும்? ஆஸ்பத்திரியில் பூகம்பத்தில் ஜன்னலெல்லாம் நொறுங்கிக் கிடந்தன. அதே பனியில்தான் நானும் வீட்டுக்கு நடந்து வந்தேன். இங்கே நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அடுத்த மாதத்துக்குள். என்னவென்று கேட்காதே. உன்னிடம் சொல்கிற நிலையில் நான் இல்லை. மாமியார் தினமும் கேட்கிறாள். என் வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை.

உன் மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை. எழுதாதே. போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் எனக்கு அந்த மைதானம்தான் கண்ணில் வரும்.

கனாயே


ஃபுகுஷிமா
9 ஜூன் 2013

கனாயே, என் கண்ணே,

எழுதாதே என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியாது. நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

கோஹெய்க்கு ஒன்றும் இல்லை. அந்த எண் அவனுடையது இல்லை.

உன் கடிதம் வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தர் தலையில் பாதி வெட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். ஏப்ரல் கடைசியில் கடையைச் சாத்திவிட்டு நேராகப் பல்கலைக்கழகத்துக்கே போனேன். கசஹாரா என்று ஒருவர். இந்தக் கணக்கெல்லாம் போடுகிறவர், நாற்பது வயதுகூட இருக்காது, நல்ல மரியாதை. அழுதேன். தேநீர் கொடுத்தார். பிறகு பல்லைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "விழுந்ததுக்கப்புறம் இந்தப் பல் எங்க இருந்துதும்மா?" என்றார்.

"எங்க இருக்கும்? கூரையிலதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எத்தனை நாள் என்று கேட்டார். ஒன்றரை வருஷம், மழைக் காவாய்ச் சேற்றில் என்றேன். அவர் எழுந்து போய் வேறொருவரை அழைத்து வந்து, என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

அவர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பல்லுக்கு வாயும் ஒண்ணுதான், கூரையும் ஒண்ணுதான். மேல படுற கதிரையெல்லாம் சேத்து வெச்சுக்கிட்டே இருக்கும். அது பையன் வாங்கினதா, கூரை வாங்கினதான்னு அதுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது." ஊரிலேயே மோசமான இடம் அந்தக் காவாய்தானாம். கூரைத் தூசியெல்லாம் மழையில் அடித்துக்கொண்டு வந்து அங்கேதான் தங்கும். நான் சோப்பு போட்டுத் தேய்த்தேனே, அதில் மேலே இருந்த அழுக்குத்தான் போனது. எங்கே வைத்திருந்தீர்கள் என்று தாளில் கேட்கவே தோன்றவில்லை, எங்கள் தப்பு என்று அவர் எழுந்து நின்று தலை குனிந்தார். நானும் குனிந்தேன். பல்லைக் கூரையில் எறிகிற ஊரில் இது யாருக்குமே தோன்றவில்லை பார்.

அப்புறம் கேட்டார், அந்த நாட்களில் பையன் உடம்போடு இருந்து, பிறகு இருட்டிலேயே கிடந்த பொருள் ஏதாவது உண்டா என்று. எனக்குச் சட்டென்று அந்த நீலக் கோட்டு நினைவுக்கு வந்தது. பூகம்பம் வந்த மறுநாள், அம்மாவின் சாவுக்கு வந்தவர்களுக்குத் தீட்டுக் கழிய என்று கொடுத்து மிஞ்சிய உப்புப் பொட்டலம் ஒன்றை அந்தக் கோட்டு உள்துணியில் வைத்துத் தைத்தேன். கெட்டது அண்டாமல் இருக்கட்டும் என்று. நீ கேலி செய்வாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. அதைக் கேட்டதும் கசஹாரா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நீங்க அதைத் தொடக்கூட வேண்டாம்மா, நாங்களே வந்து எடுத்துக்கறோம் என்றார்.

உப்புக் கல் பட்ட கதிரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இருட்டறையில் வைத்து அதன் மேல் ஒரு நிறத்து ஒளியைக் காட்டினால், எவ்வளவு வாங்கியதோ அவ்வளவுக்கு மினுக்கிக் காட்டுமாம். ஆனால் பகல் வெளிச்சம் பட்டால் போச்சு, எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் தையலைக்கூடச் சிவப்பு விளக்கில்தான் பிரித்தார்கள். கூடவே ஒத்துப் பார்க்க என்று என் சமையலறை உப்பு ஜாடியையும் ஒரு பீங்கான் கிண்ணத்தையும் ஓட்டுத் துண்டையும் எடுத்துப் போனார்கள். வீட்டில் இருக்கிற சாமான்களெல்லாம் சாட்சி சொல்லப் போய்விட்டன.

முடிவு நேற்று கையில் கிடைத்தது. கோட்டு உப்பில் இருந்தது மூன்றுக்கும் கீழே. அதிலும் பாதிக்கு மேல் அலமாரியில் தொங்கிய காலத்தில் சேர்ந்தது. எந்த ஊரிலும் ஒரு மனுஷன் ஒன்றிரண்டு வருஷம் சும்மா மண் மேல் நடமாடினாலே வருகிற அளவு என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அந்த வரிசை, அந்தப் பனி, எல்லாம் சேர்த்துத்தான்.

பல் தப்பு என்று ஏப்ரலிலேயே தெரியும். ஆனால் பாதி விஷயத்தோடு எழுதி மறுபடி உன்னைக் கலக்கக் கூடாது, இந்தத் தடவை தாள் கையில் வந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஏதோ முடிவு எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே. இன்னும் தள்ளி, கியூஷூ பக்கம் குடி போகிற யோசனை என்றால் அதை விட்டுவிடு. எதற்கு ஓடணும்? உன் பிள்ளை நன்றாக இருக்கிறான். நீயும் நன்றாகத்தான் இருப்பாய்.

இப்போதாவது போனை எடுடி.

அக்கா


நீகாத்தா
16 ஜூன் 2013

அக்கா,

உட்கார்ந்துதான் படித்தேன்.

நான் யோசித்தது கியூஷூ இல்லை. எனக்கு நாள் தள்ளியிருந்தது. நவம்பரில் பிறந்திருக்கும்.

அந்தத் தாள் வந்த அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. மாமியார் கெட்டவள் இல்லை, பயந்துவிட்டாள். "ஒண்ணு ஏற்கெனவே இப்படி இருக்கு. தெரிஞ்சே இன்னொண்ணா?" என்றாள். அவர் என் இஷ்டம் என்றார். என் இஷ்டம் என்றால் என்ன அர்த்தம், நீயே தனியாகச் சுமந்துகொள் என்றுதானே? நான் நர்ஸ் அக்கா. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேறு யாராவது வந்து கேட்டிருந்தால், இரண்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நானே தைரியம் சொல்லி அனுப்பியிருப்பேன். எனக்கு என்று வந்தபோது மனசு புத்தகத்தைக் கேட்கவில்லை. கண்ணை மூடினால் நூற்று அறுபது என்றுதான் தெரிந்தது.

மே பதினாறாம் தேதி கிளினிக்குக்குப் போய் வந்தேன்.

உனக்கு ஏப்ரல் கடைசியிலேயே தெரியும். ஒரு தபால் அட்டை போதும் அக்கா. "பல் தப்பு." அந்த இரண்டு வார்த்தை மட்டும் எழுதிப் போட்டிருந்தால் போதும். உன் கையில் தாள் வரட்டும் என்று நீ காத்திருந்த நாட்களில்தான் நான் படியேறினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. அந்த முதல் தாளின் அடியில், இது ஒரே ஒரு பல்லின் கணக்கு, எங்களைக் கூப்பிடுங்கள், இன்னொரு பல் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. படித்தேன். கூப்பிடவில்லை. எழுதாதே, போன் பண்ணாதே என்று உன் வாயையும் நானேதான் கட்டினேன்.

கோஹெய் நன்றாக இருக்கிறான் என்று தெரிந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

கனாயே


ஃபுகுஷிமா
30 ஜூன் 2013

கனாயே,

எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

தாளுக்காகத்தான் காத்திருந்தேன் என்று எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பிய அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். உன் பெயரைக்கூட எழுதிவிட்டேன். அப்புறம் யோசித்தேன், இப்போது எழுதினால் பல் தப்பு என்று மட்டும்தான் ஆகும், நான் தப்பில்லை என்று ஆகாதே. உப்பு வரட்டும், முத்திரை குத்திய தாளோடு அவள் முகத்தில் அடிக்கிற மாதிரி எழுதலாம் என்று மூடி வைத்தேன். ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. உன்னை, என் தங்கச்சியை, ஜெயிக்க.

நமக்கென்று இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? எனக்குப் பிள்ளை இல்லை. கோஹெய் பிறந்தபோது உனக்கு முன்னால் அவனைக் கையில் வாங்கினவள் நான். இதையும் நான்தான் வாங்கியிருப்பேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்க வாயும் இல்லை. அந்தக் குழந்தையை எங்கே வைத்திருக்கிறாய்? ஏதாவது கோயிலில் என்றால், ஒரு முறை வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகட்டுமா? உன் கண்ணில் படாமல் வந்து போகிறேன். வேண்டாம் என்றால் வரவில்லை.

தோமிகோ


நீகாத்தா
4 ஆகஸ்ட் 2013

அக்கா,

கோயிலில் இல்லை. என்னிடம்தான் இருக்கிறது. மூன்று மாதம் தாண்டிவிட்டதால் நகராட்சியில் போய்ப் பதிந்து, முறைப்படி எரித்து, சாம்பலை உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜாடியில் கொடுத்தார்கள். மாமியார் குடும்பக் கல்லறையில் வைக்க ஒப்புக்கொள்ளவில்லை. என் துணி அலமாரியில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கோஹெய்க்குத் தெரியாது. அவர் கேட்பதில்லை.

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முதல் இரண்டு வாரம் உன் மேல் கோபம் எரிந்தது. பிறகு என் மேல். இப்போது யார் மேலும் இல்லை, வெறுமனே களைப்பாக இருக்கிறது. மைதானத்தில் நானாக இருந்தாலும் அவனை வீட்டில் விட்டிருக்க மாட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் போயிருப்பேன். இதை உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஓபோன். போனவர்களெல்லாம் வீட்டுக்கு வந்து போகிற நாள். மாமியார் இப்போதே ஏற்பாட்டில் இருக்கிறாள். வாசலில் நெருப்பு மூட்டி, மாமனார் பெயரையும் அவருடைய அண்ணன் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவாள். போன வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வழி தவறாமல் வந்து சேருவார்களாம்.

நகராட்சித் தாளில் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, என் வேலை, எங்கள் விலாசம் எல்லாம் எழுதச் சொன்னார்கள். குழந்தை பெயருக்கு மட்டும் கட்டமே இல்லை. அந்தப் பெண்ணிடம் தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். "அது எழுத வேண்டாம்மா" என்றாள், ரொம்ப மெதுவாக.

ஆனால் நான் வைத்திருந்தேன் அக்கா. தாள் வருவதற்கு முன்னாலேயே, ஒருத்தருக்கும் தெரியாமல் தேர்ந்து வைத்திருந்தேன். இதுவரைக்கும் வாய் விட்டுச் சொன்னதில்லை. சொல்லிப் பார்க்கலாம் என்று இரண்டு முறை அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். குரல் வரவில்லை.

பதிமூன்றாம் தேதி காலைப் பஸ்ஸில் வா. கண்ணில் படாமலெல்லாம் வர வேண்டாம், நேராக வீட்டுக்கு வா. உனக்குப் பெயரைச் சொல்கிறேன். நீ கூப்பிடு.

கனாயே